கை கழுவும் தொட்டியில் ஒரு கொடுக்கல் வாங்கல்

மார்ச் 3

அண்ணி அவர்களுக்கு,

உங்களோடு இனிமேல் பேசுவதில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. ஆகவே என் வார்த்தை தவறிவிட்டதாக நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். அண்ணனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்று, உங்கள் கிருமிகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கு ஓடினீர்களே, அதை நான் மறக்கவில்லை. "பெட்பேன் தூக்குறவளுக்கு ஆராய்ச்சியப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டதையும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பச்சிளங்குழந்தை வார்டில் போன மாதம் நாலு குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. எல்லாம் குறைமாதத்தில் பிறந்தவை. என் ஒரு கைக்குள் அடங்கிவிடும். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்கும் மருந்தைக் கொடுத்துத்தான் நாலையும் மீட்டோம். கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று பார்க்க எல்லா நர்சுகளின் கையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பரிசோதித்தார்கள். அது என் கையில் மட்டும் இருந்தது.

என் கையில், அண்ணி! நகம் வளர்க்காத, மோதிரம் போடாத, தொட்டதற்கெல்லாம் கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோன இந்தக் கையில்!

வார்டைப் பூட்டிச் சுவரெல்லாம் கழுவுகிறார்கள். குழந்தைகளை மாடிக்கு மாற்றியாகிவிட்டது. இருபத்தி நாலாம் தேதி மறுபடி திறப்பார்கள். என்னைத் துணி மடிக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கை கழுவும் தொட்டியைப் பாருங்கள் என்று நான் கத்தியதால், போனால் போகிறதென்று தண்ணீர் இறங்கும் அதன் வாயையும் துடைத்து எடுத்தார்கள். அதில் கிளெப்சியெல்லா இல்லை, ஈ. கோலை என்கிற வேறொரு கிருமி இருந்தது. "அது வேற, இது வேற. தொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று பெரிய டாக்டர் முடித்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். தொட்டிக் கிருமியும் அதே மருந்துகளுக்குத்தான் அசைய மறுக்கிறது. மருந்துக்கு மருந்து ஒத்துப்போகிறது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே பிடிவாதம் என்றால் எப்படி? தொட்டிதான் காரணம் என்றால், வார்டைத் திறந்த மறுவாரமே மறுபடி குழந்தைகளுக்குக் கிருமி ஏறும். அப்போதும் என் கையைத்தான் சொல்வார்கள்.

இதற்குப் பதில் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அது என் தலைவிதி.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார் (வேறு வழி இல்லாததால்)

மார்ச் 6

நாத்தனார் அம்மையாருக்கு,

உங்கள் அன்பான கடிதம் கிடைத்தது. முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். உங்கள் அண்ணன்தான் கையைப் பிடித்து, "அடுத்த பத்திய படி. அப்புறமா கிழி, நான் தடுக்கல" என்றார். அடுத்த பத்தியைப் படித்தேன். அதற்கடுத்ததையும் படித்தேன். பிறகு அடுப்பில் பாலை வைத்ததை மறந்துவிட்டேன். அது பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் நாசம். அந்தப் பழியும் உன் தலையில்தான்.

அட, எவ்வளவு சரியான கேள்வி கேட்டிருக்கிறாய்! ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாயே, அங்கேதான் இருக்கிறது சங்கதி. கிருமிக்குத் தன் முக்கியமான மரபுச் செய்தி போக, பக்கத்தில் சின்னதாக ஒரு வளையமும் இருக்கலாம். பிளாஸ்மிட் என்பார்கள். எந்தெந்த மருந்திலிருந்து எப்படித் தப்பிப்பது என்கிற வித்தையெல்லாம் அந்த வளையத்தில் எழுதியிருக்கும். வளையம் உள்ள கிருமி மெல்லிய கை ஒன்றை வெளியே நீட்டும். பக்கத்தில் இருப்பவனைத் தொட்டால் பிடித்துக்கொள்ளும், கிட்டே இழுக்கும். இரண்டு உடம்பும் ஒட்டிக்கொண்டதும் நடுவில் ஒரு வழி திறக்கும். வளையம் இரட்டை இழை. அதில் ஓர் இழை அறுந்து, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல அந்த வழியாக அடுத்தவனுக்குள் போகும். இங்கே மிஞ்சிய இழைக்கு இவன் ஜோடி செய்துகொள்வான். அங்கே போன இழைக்கு அவன் ஜோடி செய்துகொள்வான். ஆக, கொடுத்தவனுக்குக் குறையவில்லை, வாங்கியவனுக்கும் முழு வளையம்! வாங்கியவன் சும்மா இருப்பானா? அவனும் கை நீட்ட ஆரம்பித்துவிடுவான். நம் குடும்பத்தில் ரகசியம் பரவுகிற அதே முறைதான். சொன்னவரிடமும் இருக்கும், கேட்டவரிடமும் இருக்கும், சாயங்காலத்துக்குள் எல்லாரிடமும் இருக்கும். இதற்குப் பெயர் இணைவு.

இதற்கு ஒரே இனமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஈ. கோலை கிளெப்சியெல்லாவுக்குத் தாராளமாகக் கொடுக்கும். எங்கள் கூடத்தில் ஈ. கோலைக்கு ஒல்லி என்று பெயர், கிளெப்சியெல்லாவுக்குக் குண்டு. தட்டில் வளர்ந்தால் சளிபிடித்த மூக்கு மாதிரி கொழகொழவென்று உப்பி நிற்கும்.

உன் தொட்டி ஒல்லியையும், குழந்தைகளிடம் கிடைத்த குண்டையும் எனக்கு அனுப்பச் சொல். ஆஸ்பத்திரி வழியாக, முறைப்படி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். உன் கைப்பையில் போட்டு அனுப்பிவிடாதே, நீ செய்தாலும் செய்வாய். ஒரே வளையம்தான் இரண்டிலும் இருக்கிறது, அதை ஒல்லி குண்டுக்குக் கொடுக்கவும் செய்கிறது என்று காட்டிவிட்டால், "அது வேற, இது வேற" என்ற பேச்சு அடிபட்டுப் போகும்.

எனக்குக் கை பரபரக்கிறது. சீக்கிரம்!

அண்ணி

மார்ச் 9

அண்ணி,

அனுப்பியாகிவிட்டது. பெரிய டாக்டர் அறை வாசலில் அவர் வெளியே வரும்வரை நின்றேன். உங்கள் கடிதத்தில் இருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு, சிஸ்டர். புத்தகத்துல நானும் படிச்சிருக்கேன். நம்ம தொட்டில நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எங்க அண்ணி காட்டுவாங்க, சார்."

"குடுத்தத கண்ணால காட்டச் சொல்லுங்க. கதை வேணாம். காட்டினா, குழாய அறுக்க நானே ரம்பம் எடுத்துட்டு வரேன்."

பார்த்துக்கொள்ளுங்கள், உங்களை நம்பி வாய்விட்டிருக்கிறேன். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. உங்களைப் பற்றி இன்னொருவரிடம் பெருமையாகப் பேச வேண்டி வந்ததே என்று எனக்கே எரிச்சல்தான்.

தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காமலே சொல்கிறேன். வார்டுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம், முதல் தொட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக ஓட்டைக்குள் விழுந்து, என் ஏப்ரன்வரை தெறிக்கும். ஊசியில் மிச்சமாகும் மருந்து, பாட்டிலில் மிச்சமாகும் பால் எல்லாவற்றையும் அதில்தான் ஊற்றுவோம். எல்லா வார்டிலும் அதுதான் வழக்கம்.

என்னை மறுபடி உள்ளே விடுவார்களா, அண்ணி? துணி மடித்து மடித்து என் கைக்கே அலுத்துவிட்டது.

நாத்தனார்

மார்ச் 14

வாலு,

உன் அண்ணன் கூப்பிடும் பெயரிலேயே கூப்பிடுகிறேன். ஏனென்றால் சொல்லப்போவது நல்ல செய்தி இல்லை.

வளையத்தை எழுத்து எழுத்தாகப் படித்தோம். இரண்டிலும் ஒன்றேதான். அதுவரைக்கும் குதித்தேன். அப்புறம் எங்கள் கூடத்துக் குண்டு ஒன்றை எடுத்தேன். வளையம் இல்லாத, யாருக்கும் தீங்கு செய்யாத சாது அது. அதையும் உன் தொட்டி ஒல்லியையும் சத்துநீரில் கலந்து, ராத்திரி முழுக்க, குப்பியை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கரில் வைத்தேன். மறுநாள் தட்டில் தேய்த்தேன். அந்தத் தட்டில் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று ஒல்லியைக் கொல்லும், மற்றது வளையம் இல்லாத குண்டைக் கொல்லும். வளையம் வாங்கிய குண்டு மட்டும்தான் அதில் பிழைத்து முளைக்க முடியும்.

எதுவும் முளைக்கவில்லை. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது.

வளையம் ஒன்றாக இருப்பதால் மட்டும் தொட்டியில்தான் கைமாறியது என்று ஆகிவிடாது. இரண்டுமே வெளியே எங்கேயோ வாங்கி வந்திருக்கலாம். இதை விசாரிக்கும் உங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டி இன்றைக்குள் அறிக்கை கேட்டது. பார்த்ததைத்தான் எழுத முடியும். எழுதி அனுப்பிவிட்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் உனக்கு இன்னும் கோபம் வரும். அதனால் எழுதவில்லை.

அண்ணி

மார்ச் 16

அண்ணி அவர்களுக்கு,

அவசரப்பட்டு அனுப்பிவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுங்கள் என்று கமிட்டியிடம் கேட்டிருக்கக் கூடாதா? உங்கள் வேலைக்கு எல்லாரும் காத்திருக்க வேண்டும். எங்கள் வேலைக்கு நீங்கள் இரண்டு நாள் காத்திருக்க மாட்டீர்கள்.

அறிக்கையைக் கூட்டத்தில் வாசித்தார்கள். "கைமாற்றம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை." பெரிய டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மேட்ரன் மட்டும், "வெளிநோயாளிப் பிரிவுல நல்ல வேலைதான்மா, நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். இரக்கப்படுகிறாராம்! குறைமாதக் குழந்தைக்குக் குழாய் போடப் பத்து வருஷமாகப் பழகின கை இது. அந்தக் கையால் போய் டோக்கன் கிழிக்க வேண்டுமாம். கேன்டீனில் என் கப்பைச் சக நர்சு ஒருத்தி டிஷ்யூ வைத்து எடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் ரெண்டு நாள் லீவு போட்டுப் போனவள்.

வார்டு இருபத்தி நாலில் திறக்கிறது. சுவர் பளபளக்கிறது, தொட்டில்கள் பளபளக்கின்றன, தொட்டியின் வாயும் பளபளக்கிறது. உள்ளே, குழாயின் வளைவில், எப்போதும்போலத் தண்ணீர் தேங்கித் தேங்கித்தான் இறங்குகிறது. யாரும் அதைத் தொடவில்லை.

நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

நாத்தனார்

மார்ச் 18

வாலு! வாலு!

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று முன்தினம் மதியம் எங்கள் கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நேற்று வந்து பார்த்தால் ஷேக்கர் நின்று கிடக்கிறது. நாலாவது தடவைக்காகக் கலந்து வைத்த குப்பி அதில் அப்படியே இருந்தது. அடியில் மண்டி படிந்திருந்தது. டெக்னீஷியன், "வீணாப் போச்சு மேடம், கொட்டிரவா?" என்றார். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. படித்தேன். உன்மேல் கோபம், என்மேல் கோபம், யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். கொட்ட விடாமல் அந்த மண்டியை எடுத்துத் தட்டில் தேய்த்து வைத்தேன். சும்மா, ஆத்திரத்துக்கு.

இன்று காலை அதில் குண்டு முளைத்திருக்கிறது! விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு கொஞ்சம்தான். ஆனாலும் முளைத்திருக்கிறது! கொழகொழவென்று, உப்பி, உலகத்திலேயே அழகான சளி!

நான் போட்ட சத்தத்தில் டெக்னீஷியன் ஓடி வந்தார்.

"என்ன மேடம், எங்கயாவது சுட்டுக்கிட்டீங்களா?"

"ஆட்டிட்டே இருந்தேங்க! நான்தான் ஆட்டிட்டே இருந்தேன்!"

புரிகிறதா? எங்கள் கூடத்தில் எதை வளர்த்தாலும் ஷேக்கரில் வைத்துவிடுவோம். காற்று நன்றாகக் கலக்கும், சீக்கிரம் வளரும். கை தானாக அந்தச் சுவிட்சுக்குப் போகும், யோசிப்பதே இல்லை. கிருமி கை நீட்டும், பிடிக்கும், ஒட்டும். நான் குலுக்குவேன், பிய்ந்துவிடும். மறுபடி நீட்டும், மறுபடி குலுக்குவேன். ராத்திரி முழுக்க இதையே செய்துவிட்டு, காலையில் வந்து "கொடுக்கல் வாங்கல் நடக்கவில்லை" என்று அறிக்கை எழுதியிருக்கிறேன்! சில வளையங்கள் நீந்தும்போதும் கைமாறும். உன்னுடையது அந்த ரகம் இல்லை. அது நீட்டும் கை குட்டை, விறைப்பு, தொட்டால் ஒடிந்துவிடும். நீ எழுதியிருந்தாய் பார், தேங்கித் தேங்கி என்று. அங்கே யாரும் நீந்தவில்லை. வழவழப்புக்குள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். அப்படித்தான் நானும் படுக்க வைத்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டையும் கலந்து, துளியாக ஒரு ஃபில்டர் தாள்மேல் விட்டு, அசையாமல் மூடி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு யாரையும் விடவில்லை. உன் அண்ணன் சாப்பாடு கொண்டுவந்தார், "நடந்து வராதீங்க, தரை அதிருது" என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். மனுஷன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்.

நாளை தட்டில் தேய்ப்பேன், நாளை மறுநாள் தெரியும். அதுவரை அந்தக் குழாய் வளைவை யாரும் கழுவிவிடாமல் பார்த்துக்கொள்!

அண்ணி

மார்ச் 20

நிறைந்துவிட்டது! வாலு, தட்டு நிறைந்துவிட்டது! இடமில்லாமல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முளைத்திருக்கிறது. ஒல்லியை மட்டும் வைத்த தட்டில் ஒன்றுமில்லை. குண்டை மட்டும் வைத்த தட்டிலும் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் படுக்கவைத்ததில் மட்டும் இந்தத் திருவிழாக் கூட்டம். முளைத்த குண்டுக்குள் இருப்பது உன் தொட்டி வளையமேதான், பார்த்துவிட்டேன்.

இப்போது உன் கைக்கு வருகிறேன். உன் கடிதத்தை மறுபடி படித்தேன். தண்ணீர் நேராக ஓட்டையில் விழுந்து ஏப்ரன்வரை தெறிக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒல்லி அந்த வளைவுக்குள் குண்டுக்கு வளையம் கொடுத்திருக்கிறது. நீங்கள் ஊற்றிய மிச்ச மருந்து, வளையம் இல்லாதவனையெல்லாம் கொன்று, வாங்கியவனுக்கு இடம் காலி செய்து கொடுத்திருக்கிறது. பாலும் ஊற்றிச் சாப்பாடும் போட்டிருக்கிறீர்கள். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அது மேலே தெறித்திருக்கிறது. அந்த வார்டில் யார் அதிகம் கை கழுவுவது? நீ! மற்றவர்கள் ஒரு தடவை கழுவும் இடத்தில் நீ மூன்று தடவை கழுவுவாய். நம் வீட்டிலேயே உன்னால் சோப்பு நிற்காது. கழுவக் கழுவ உன் கைக்குத்தான் அதிகம் தெறித்திருக்கிறது. சுத்தக்காரி என்பதால் மாட்டிக்கொண்டாய், அடி பைத்தியக்காரி.

இது இன்னும் என் ஊகம்தான். துடைத்தது தொட்டியின் வாயை மட்டும். வளைவில் குண்டு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய அறிக்கை தவறு, காரணம் நான், ஷேக்கர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தட்டின் படங்களோடு கமிட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். நீ போய் அந்த ரம்பத்தைக் கேள்.

அண்ணி

மார்ச் 23

அண்ணி!

ரம்பம் வந்தது. பெரிய டாக்டரே கூட வந்தார். உங்கள் படங்களைக் கூட்டத்தில் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. பக்கத்திலிருந்தவர் கேட்டும் கொடுக்கவில்லை. "மூணு தடவ தோத்தத தோத்தேன்னு எழுதி, ஏன் தோத்தேன்னும் எழுதியிருக்காங்க. இத நம்பாம எத நம்புறது?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "சிஸ்டர், எப்படிக் குடுக்குதுன்னு அன்னிக்கு மூச்சுவிடாம சொன்னீங்களே, எல்லாருக்கும் ஒருதரம் சொல்லுங்க. இந்தத் தடவ மூச்சு விட்டே சொல்லுங்க" என்றார். சொன்னேன். நம் குடும்ப ரகசிய உதாரணத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். மேட்ரன் சிரித்துவிட்டார்.

பிளம்பர் வளைவை அறுத்துத் தாளில் கவிழ்த்தார். அண்ணி, அதை எப்படிச் சொல்வேன்! சாம்பல் நிறத்தில், விரல் தடிமனுக்கு, தொட்டால் இழுபடுகிற ஒரு சதை. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் பின்னால் போனார்கள். நான் மட்டும் குனிந்து பார்த்தேன். இத்தனை நாளாக என்னைத் துணி மடிக்க வைத்தது நீதானா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

இன்று பரிசோதனை முடிவு வந்தது. ஒல்லியும் இருக்கிறது, குண்டும் இருக்கிறது. குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த அதே குண்டு! எங்கள் ஆய்வகத்துப் பெண் மாடிப்படியில் ஓடி வந்து சொன்னாள், நான் மடித்துக்கொண்டிருந்த போர்வையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

திறப்பு தள்ளிப் போயிற்று. பழைய தொட்டியை அடியோடு பெயர்க்கிறார்கள். புதியதில் தண்ணீர் ஓட்டைக்குள் நேராக விழாது. தொட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்பு வருகிறது. மருந்தோ பாலோ இனி யாரும் அதில் ஊற்றக் கூடாது. என் கையை அடுத்தடுத்து மூன்று நாள் துடைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

அண்ணி, உங்கள்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஆனால் உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை.

வாலு

மார்ச் 29

அண்ணி,

நேற்று வார்டு திறந்தது. என் பெயரைப் பலகையில் பழைய இடத்தில் எழுதியிருந்தார்கள். புதுத் தொட்டியில் கை கழுவினேன், ஒரு சொட்டு தெறிக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு பயம், இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். கமிட்டி நம்பிவிட்டது, காகிதத்தில் வந்துவிட்டது. பிள்ளையைப் பெற்றவள் நம்புவாளா?

மதியம் முதல் குழந்தை வந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்தது, அம்மாவின் மார்போடு ஒட்ட வைத்து மேலே துணி சுற்றியிருந்தார்கள். அம்மா சக்கர நாற்காலியில் இருந்தாள். சின்னப் பெண், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு வந்த நர்சு குழந்தையை எடுக்கக் குனிந்தாள். அந்தப் பெண் விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரசவ வார்டுல பேசிக்கிட்டாங்க, கையில கிருமின்னு ஒரு சிஸ்டரச் சொன்னாங்க, அது நீங்கதானே?"

குனிந்த நர்சு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"ஆமாங்க. நான்தான்."

"அப்போ நீங்களே வாங்கிக்குங்க" என்றாள். "மத்தவங்க கைய ஒருதரம் பார்த்துட்டு விட்டுட்டாங்க. உங்க கையத்தான் இத்தன பேரு பார்த்து முடிச்சிருக்காங்க."

துணியை அவளே விலக்கினாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன், அண்ணி. குழந்தையை வைத்துவிட்டு, அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

உங்கள் வாலு